காகங்களுக்குப் பொறுப்பான மிஸ்ஸி

இன்பமலருக்கு அறுபத்திரண்டு வயதில் காகம் விரட்டுகிற வேலை கிடைத்தது. சிரிக்க வேண்டாம். மாதச் சம்பளமும் காலைச் சாப்பாடும் வெயிலுக்கு ஒரு தொப்பியும் தருகிற, அவளே ஆசைப்பட்டுப் போய்ச் சேர்ந்த வேலை.

அதற்கு முன்னால் அவள் முப்பத்துநான்கு வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். அதில் பாதிக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவில். எங்கள் ஊரில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அவள் மிஸ்ஸிதான், இன்பமலர் என்று அவளுக்கு ஒரு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அவள் உடம்பு மட்டும் ஓய்வு பெறவில்லை. அடுத்த வீட்டில் தொலைபேசி அடித்தால் நெஞ்சு படபடக்கும். தெருவில் யாராவது ஓடினால் எழுந்து நின்றுவிடுவாள்.

மகன் றிக்சன் வங்கியில் அதிகாரி. அம்மா சும்மா இருந்து வாடுகிறாள் என்று நினைத்து, தனியார் வைத்தியசாலை ஒன்றில் மேற்பார்வைத் தாதி இடம் பேசி வைத்திருந்தான். மரியாதையான உத்தியோகம், குளிரூட்டிய அறை. அவன் அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே அவள் எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். ஒருநாள் புருஷன் பற்றிக்கிடம் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, நான் பிழை விட்டாலும் ஒருத்தரும் சாகாத வேலை ஒண்டு இருந்தாச் சொல்லுங்கோ. நாளைக்கே போறன்."

பற்றிக் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு வேலை தனக்கும் கிடைத்ததில்லை என்றார்.

அவளுக்கு அப்படி ஒன்று கிடைத்த விதத்தைக் கேளுங்கள். பற்றிக்கின் தங்கையின் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். உட்துறைமுக வீதியில், தண்ணீரோரம் புல்தரையும் மரநிழலுமாக ஒரு ஹொட்டல். மத்தியானச் சாப்பாடு அங்கே. எல்லாரும் வெளியில், மரத்தடியில்தான் இருக்க ஆசைப்பட்டார்கள். காகங்களுக்கும் அதே ஆசை. ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியாரின் பீங்கானிலிருந்து ஒரு காகம் கட்லற்றைத் தூக்கிக்கொண்டு கொப்பில் போய்க் குந்தியது. வெயிற்றர்மார் துவாயை வீசிக்கொண்டு ஓடினார்கள். இன்பமலர் ஓடவில்லை. பரிசுப் பெட்டியில் சுற்றியிருந்த இறப்பர் வளையத்தைக் கழற்றி இரண்டு விரலில் மாட்டி, மேசையில் இருந்த முந்திரிகைக் குலையில் ஒரு பழத்தைப் பிய்த்து வைத்து இழுத்து விட்டாள். பழம் காகத்தின் காலடிக் கொப்பில் பட்டுச் சிதறியது. கட்லற் கீழே விழுந்தது. சுவாமியார் கைதட்டினார்.

சின்ன வயதில் மாங்காய்க்குக் குறிபார்த்த கை அது. ஐம்பது வருடத்துக்குப் பிறகு தன் கைக்கு அது ஞாபகம் இருந்ததை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. ஹொட்டல் முகாமையாளர் நிருபன், முப்பது வயதுப் பொடியன், பகிடியாகத்தான் கேட்டான், மிஸ்ஸி வேலைக்கு வாறீங்களோ என்று. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவள் வாசலில் போய் நின்றபோது அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் நல்ல பிள்ளை, வார்த்தையை மாற்றவில்லை.

பற்றிக் கொய்யாக் கவரை வெட்டிச் சீவி, பழைய சைக்கிள் ரியூப்பில் வார் பிடித்து, கெற்றப்போல் ஒன்று செய்து கொடுத்தார். கல் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. முப்பத்துநான்கு வருடம் காயத்துக்கு மருந்து கட்டியவள் புதிதாகக் காயம் உண்டாக்குவாளா? காய்ந்த வேப்பங்கொட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். காகத்தில் படாமல், பக்கத்து இலையில் படுகிற மாதிரி அடிப்பாள்.

மூன்றாம் நாள் நிருபன் அவளைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னான். ஹொட்டல் சொந்தக்காரர் ஸெய்னுதீன் ஹாஜியார் மாதக் கடைசியில் நாற்பது கல்யாண விருந்தாளிகளோடு கொழும்பிலிருந்து வருகிறார். காகத்தைப் பற்றி வந்த முறைப்பாடுகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பருந்து மாதிரிக் கத்துகிற யந்திரம் ஒன்றுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறார். அன்றைக்குக் காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு காகம் இருந்தாலும் யந்திரம் வந்துவிடும். யந்திரம் வந்தால் மிஸ்ஸிக்கு வேலை இல்லை.

றிக்சன் இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டான். அவன் வங்கிக்கு வருகிறவர்கள் கேட்கிறார்களாம், உங்கட அம்மா காகம் கலைக்கிறாவாமே என்று. அவனுடைய ஆய்க்கினை தாங்காமல் அவள் ஒரு பேச்சுக்கு வந்தாள். ஹாஜியார் வருகிற நாள்வரைக்கும் அவன் வாய் திறக்கக்கூடாது. அன்றைக்கு இந்த வேலை போனால், வைத்தியசாலைப் படிவத்தில் மறுகதை இல்லாமல் கையெழுத்து வைப்பாள்.

சொல்லிவிட்டு உள்ளே போய்த்தான் பயந்தாள். ஏனென்றால் அந்த மூன்று நாளிலேயே அவளுக்கு வேலை ருசித்துவிட்டது.

எப்படி ருசிக்காமல் இருக்கும்? விடியற்காலையில் துறைமுகத் தண்ணீர் எண்ணெய் பூசினாற்போல அசையாமல் கிடக்கும். அக்கரையிலிருந்து வள்ளங்கள் வரும். தொப்பியைப் போட்டுக்கொண்டு, மரத்துக்கு மரம் உலாவிக்கொண்டு, ஆகாயத்தைப் பார்ப்பதற்கு யாராவது சம்பளம் தருவார்களா? ஒரு காகம் பறந்தால் மனதுக்குள் ஒரு புள்ளி போட்டுக்கொள்வாள். பத்து மணிக்குக் குசினிக்குப் பின்னால் இருந்து, சமையல் பொறுப்பாளர் துஷாந்தி சுட்டுத் தருகிற அப்பத்தைக் கட்டைச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போவாள். இரவில் கனவில்லாத நித்திரை. பற்றிக் அவளுக்குப் பிரஷர் பார்த்தபோது, கருவி பழுதாகிவிட்டதோ என்று இன்னொருமுறை காற்றடித்துப் பார்த்தார்.

ஒரு கிழமை இப்படிப் போனது. இரண்டாம் கிழமை காகங்கள் அவளைப் படித்து முடித்தன.

அவள் கிழக்கு மூலையில் நின்றால் அவை மேற்கு மூலையில் இறங்கும். மேற்கே திரும்பினால் கிழக்கே வெண்ணெய் போய்விடும். தென்னை உச்சியில் ஒன்று காவலுக்கு இருந்து, கெற்றப்போலை அவள் தூக்கியதுமே குரல் கொடுக்கும். தோட்டக்காரனோடு தொப்பியை மாற்றிப் பார்த்தாள். அவனை விட்டுவிட்டு அவள் தலைக்குமேல்தான் எச்சமிட்டன. ஒரு அவசரத்தில் குறி தப்பி, வேப்பங்கொட்டை ஒரு வெள்ளைக்காரரின் அவித்த முட்டைக்குள் போய்ப் புதைந்தது. அவர் அதைக் கரண்டியால் எடுத்துப் பார்த்து, இது இந்த ஊர்ப் பலசரக்கோ என்று நிருபனிடம் கேட்டாராம்.

ஹாஜியார் வர இன்னும் பதினாறு நாள் இருந்தது.

வருத்தம் குறையாவிட்டால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆஸ்பத்திரியில் பழகியது. கெற்றப்போலை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கொப்பியில் கோடு போட்டு, எத்தனை மணிக்கு எத்தனை காகம், எந்தப் பக்கத்தால் வந்தது என்று காய்ச்சல் அட்டவணை எழுதுவது போல எழுதத் தொடங்கினாள். ஐந்தாம் நாள் எழுதினதைப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. விருந்தாளிகளுக்கு ஏழு மணிக்குத்தான் சாப்பாடு வெளியே வரும். காகங்களோ ஆறு நாற்பதுக்கே வந்துவிடுகின்றன. அதுவும் தண்ணீர்ப் பக்கத்தால் இல்லை, குசினிக் கூரைக்குப் பின்னால் இருந்து. சனிக்கிழமை இரண்டு மடங்கு.

அடுத்த நாள் ஆறு நாற்பதுக்கு அவள் குசினிக்குப் பின்னால் போனாள்.

துஷாந்தி மதிலுக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் வாழையிலைத் துண்டு, அதில் ஆவி பறக்கிற சோறு ஒரு பிடி. அதை மதில்மேல் வைத்து, இரண்டு அடி பின்னால் வந்து, மெல்ல, வீட்டுக்கு ஆளைக் கூப்பிடுகிற குரலில் கா, கா என்றாள். வேம்பு முழுவதும் அசைந்தது. முப்பது காகம் இறங்கியது. ஒரு பிடி சோறு முப்பது காகத்துக்கு என்ன காணும்? வாயை நனைத்துவிட்டு, பசியோடு கூரைக்கு மேலால் புல்தரைக்குப் பறந்தன. ஏழு மணிக்கு அங்கே பாணும் வெண்ணெயும் வந்து சேரும்.

திரும்பிய துஷாந்தி இன்பமலரைக் கண்டதும் இலையைப் பின்னால் ஒளித்தாள். இன்பமலர் கத்தோலிக்கக் குடும்பம்; சமைத்த முதல் சோற்றைக் காகத்துக்கு வைக்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. அதனால்தான் சனிக்கிழமையின் கணக்கும் அவளுக்கு விளங்கவில்லை. எட்டு வருடமாக, இந்தக் குசினியில் அடுப்பு மூட்டிய நாளிலிருந்து, துஷாந்தி ஒருநாளும் காகத்துக்கு வைக்காமல் விருந்தாளிக்கு அனுப்பியதில்லை. சனிக்கிழமை எள்ளுச் சோறு.

"மனேச்சரிட்டச் சொல்லப்போறியளோ மிஸ்ஸி?" என்றாள். "சொல்லுங்கோ. நான் வைக்கிறது காகத்துக்கு மட்டுமில்லை. எங்கட அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போனவங்கள்தான். உடம்பு கிடைக்கேல்ல. கொண்டுபோய் வைக்க ஒரு இடமில்லை எங்களுக்கு. நீங்க அதுகளுக்குக் கெற்றப்போல் அடிக்கேக்க எனக்கு எப்பிடி இருக்கும் எண்டு நினைக்கிறியள்?"

நிருபனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளையிலிருந்து சோறு நிற்கும், காகம் குறையும், வேலையும் மிஞ்சும். இன்பமலருக்கு அது தெரியும். கார்த்திகை இரண்டாம் திகதி, சகல ஆத்துமாக்கள் திருநாளன்று, சேமக்காலையில் தன் அம்மாவின் கல்லறையைக் கழுவி மெழுகுதிரி கொளுத்துகிறபோது, யாராவது வந்து இடத்தைக் காலிபண்ணு என்றால் தான் என்ன செய்வாள் என்றும் தெரியும்.

"சோத்தை நிப்பாட்டச் சொல்ல மாட்டன் பிள்ளை," என்றாள். "இவங்களுக்குச் சாப்பாடு காணாது. அதுதான் வருத்தம். நேரத்தையும் இடத்தையும் அளவையும் மாத்துவம்."

புல்தரைக்கு அப்பால், தாழம்பற்றைக்கு மறைவில், ஹொட்டலின் பழைய இறங்குதுறை ஒன்று இருந்தது. யாரும் போவதில்லை. முந்தின நாள் மிஞ்சுகிற பாணும் அப்பமும் வாளிக் கணக்கில் குப்பைக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. துஷாந்தியின் சோற்றை அங்கே கொண்டுபோய் வைத்து, பிறகு பத்து மணிவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாணைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தால், எந்தக் காகம் விருந்தாளியின் மேசையைத் தேடி வரும்?

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு இடக்கு. ஏழு மணிக்கு மேல் துஷாந்தி குசினியை விட்டு வர ஏலாது. பாண் போட வேண்டியவள் இன்பமலர். அவளைக் கண்டாலோ காகங்கள் ஊரைக் கூட்டின. இரண்டு கிழமையாகக் கெற்றப்போலோடு திரிந்தவளை யார் நம்புவார்கள்?

ஆகவே ஊசிக்குப் பயந்த நோயாளியைச் சமாளிப்பது போல அவள் சமாளித்தாள். கெற்றப்போலை வீட்டில் விட்டாள். தொப்பியைக் கழற்றினாள். துஷாந்தி சோறு வைக்கிற நேரத்தில் அவளும் போய், முதல்நாள் தாழைக்குப் பக்கத்தில் தூரத்தில் குந்தி, காகங்களைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நாலு அடி கிட்ட. அதற்கடுத்த நாள் இன்னும் நாலு அடி. நிருபன் புல்தரையில் நின்று தலையில் கைவைத்தான். கெற்றப்போல் எங்கே என்று கேட்டதற்கு, மருந்து மாத்துறன் தம்பி, ஒரு கிழமை பொறுங்கோ என்று மட்டும் சொன்னாள்.

கூப்பிடுவதுதான் கடினமாக இருந்தது. அவள் கா என்றால் காகங்கள் எழும்பிப் போயின. துஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மிஸ்ஸி, நீங்க கிளினிக்கில நம்பர் கூப்பிடுறியள். அதுகள் துண்டு எடுக்க வரேல்ல. சாப்பிட வந்ததுகள். அதுமாதிரிக் கூப்பிடுங்கோ."

வீட்டில் பழகினாள். குசினியில் நின்று கா, கா என்று இழுத்து இழுத்துக் கூப்பிட, பற்றிக் உள்ளே இருந்து, நான் வந்திட்டன், சாப்பாடு எங்க என்று கேட்பார். ஏழாம் நாள், துஷாந்தி குசினிக்குத் திரும்பிய பிறகும் ஒரு கிழட்டுக் காகம் போகாமல் நின்றது. தலையைச் சரித்து அவளைப் பார்த்தது. இன்பமலர் மூச்சுக்கூட விடவில்லை. பாண் துண்டை நீட்டினாள். அது வந்து, கையிலிருந்தே கொத்தி எடுத்தது. அரசாங்கம் அவளுக்குச் சேவைச் சான்றிதழ் கொடுத்த அன்று அழாதவள், அந்த இறங்குதுறையில் இருந்து மூக்கை உறிஞ்சினாள். அதைப் பார்த்து மற்றவையும், பிறகு அயலில் இருந்த காகங்களும், அவள் குரலுக்கு வரத் தொடங்கின.

ஹாஜியார் வந்தது ஒரு புதன்கிழமை. நாற்பது விருந்தாளிகள், புல்தரை நிறைய மேசைகள், கிண்ணியாவிலிருந்து வந்த சட்டித் தயிர், அதற்கு ஊற்றப் பாணி, இடியப்பம், முட்டைப் பொரியல். றிக்சனும் கழுத்துப்பட்டியோடு, படிவம் வைத்த கோவையோடு, வங்கிக்குப் போகிற வழியில் வந்து ஓரத்து மேசையில் இருந்தான். மேசைகளில் ஒரு காகம் இல்லை. மரங்களில் இல்லை. கூரையில் இல்லை. ஹாஜியார் அண்ணாந்து பார்த்து, தாடியைத் தடவிக்கொண்டு நிருபனிடம் கேட்டார்:

"ஒரு காகத்தையும் காணல்லயே தம்பி. இல்லாத காகத்த வெரட்ட ஒரு ஆளும் எதுக்கு, மெசினும் எதுக்கு?"

நிருபன் முகம் வெளுத்துப்போய் இறங்குதுறைக்கு ஓடி வந்து சொன்னான். பின்னாலேயே வந்த றிக்சன் கோவையைத் திறக்கவில்லை. அம்மாவைச் சுற்றி நின்ற அறுபது எழுபது காகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். நன்றாகச் செய்த வேலையே வேலையைத் தின்னப்போகிறது. ஆஸ்பத்திரியின் மருந்து நெடி மூக்குக்கு வந்துவிட்டுப் போனது. பிறகு இன்பமலர் வாளியை மூடியால் இறுக்கி மூடினாள். சீலையைத் தட்டிவிட்டுக்கொண்டு புல்தரைக்கு நடந்தாள்.

"நீங்க சொல்லுறது நியாயம் ஹாஜியார்," என்றாள். "நான் இப்ப வேலையை விட்டிட்டன். போக முதல் ஒரு தேத்தண்ணி குடிக்கலாமோ?"

ஹாஜியார் எழுந்து தானே ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவள் இருந்து, சீனி போட்டு, ஆறுதலாகக் கலக்கினாள்.

முதலில் ஒரு காகம் வந்து குடைக்கு மேல் குந்தியது. தலையைச் சரித்து மூடிய வாளி இருந்த திசையைப் பார்த்தது, மேசையைப் பார்த்தது. ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான். தாழைக்கு மேலால் கறுப்பாக ஒரு மேகம் எழும்பி வந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மாவின் வெண்ணெய் போயிற்று. இடியப்பத் தட்டு கவிழ்ந்தது. ஹாஜியாரின் முட்டைப் பொரியலை இரண்டு காகங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தன. விருந்தாளிகள் கதிரைகளுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். இந்த அமளிக்கு நடுவில், காகம் விரட்டுவது மானக்கேடு என்று நினைத்த றிக்சன், கழுத்துப்பட்டி தோளுக்கு மேல் பறக்க, வைத்தியசாலைக் கோவையை வீசி வீசி மேசைக்கு மேசை காகம் கலைத்துக்கொண்டு ஓடினான்.

இன்பமலர் கடைசி மிடறைக் குடித்து, கோப்பையைக் கவிழாமல் வைத்தாள்.

"காணும், மிஸ்ஸி," என்றார் ஹாஜியார், தட்டை நெஞ்சோடு அணைத்தபடி. "விளங்கிட்டு."

அவள் இறங்குதுறைக்குப் போனாள். மூடியைத் திறந்து வாளியில் இரண்டு தட்டுத் தட்டி, வீட்டுக்கு ஆளைக் கூப்பிடுகிற குரலில், நீட்டிக் கூப்பிட்டாள். ஒரு காகம் எழும்பியது, பத்து எழும்பியது, அத்தனையும் எழும்பி அவள் தலைக்கு மேல் வட்டமிட்டு இறங்கின. புல்தரையில் யாரோ கைதட்ட, நாற்பது பேரும் தட்டினார்கள். குசினி வாசலில் துஷாந்தி அகப்பையும் கையுமாக நின்று, மாவு அப்பிய கையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

ஹாஜியார் இறங்குதுறைவரைக்கும் நடந்து வந்தார். வேலையை விட விடமாட்டேன் என்றார். அவளும் உடனே தலையாட்டவில்லை. ஒரு நிபந்தனை இருக்கு என்றாள். முதல் சோறு எப்போதும் துஷாந்தியின் கையால்தான் வைக்கப்பட வேண்டும்; அதை எந்த மனேச்சர் வந்தாலும் நிப்பாட்டக்கூடாது. அவர் அதற்கு ஓம் என்று நிருபனுக்கு முன்னால் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு துண்டுப் பாண் வாங்கித் தானும் போட்டுப் பார்த்தார். காகங்கள் அவரை அவ்வளவாக நம்பவில்லை. நாளைக்குக் கொஞ்சம் தூரத்தில் இருந்து தொடங்குங்கோ என்று அவள் சொல்லிக்கொடுத்தாள்.

பத்தரை மணிக்கு நிருபன் நியமனக் கடிதத்தை அடித்துக்கொண்டு வந்தான். பதவி: காகங்களுக்குப் பொறுப்பாளர். அதற்குக் கீழே ஒப்பந்தம் முடியும் திகதி என்று ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. இன்பமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தாள். பேனாவை வாங்கி அந்தக் கட்டத்துக்குக் குறுக்காக, தேவையில்லாத மருந்தை வெட்டுவது போல, ஒரு நேர்கோடு கிழித்தாள்.

பக்கத்தில் நின்ற றிக்சன் கோவையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சட்டையில் இருந்த தயிரைத் துடைத்தான்.

"அப்ப அந்த வைத்தியசாலைக்கு என்னம்மா சொல்லுறது?"

"அம்மாவுக்கு நிரந்தர வேலை கிடைச்சிட்டுது எண்டு சொல்லு," என்றாள். கையெழுத்தை வைத்துக் கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் செருகினாள். பிறகு நிருபன் பக்கம் திரும்பினாள். "தம்பி, இப்ப நான் நிரந்தர ஆள். எனக்கு இதைவிடப் பெரிய வாளி ஒண்டு வேணும். எழுதிக்கொள்ளுங்கோ."

நிருபன் எழுதிக்கொண்டான்.